மழலைத் தோட்டம் கண்டவர்

நுழையும்முன்

நம் ஊர்களில் மழலையர் வகுப்புகளை எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று அழைக்கிறோம். அவற்றில் இடம்பெறும் 'கே.ஜி.' என்பது 'கிண்டர்கார்டன்' என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கமாகும். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். பள்ளிக்குத் தோட்டம் என்று பெயர் சூட்டியவர் ஃபிரெடெரிக் ஃபிரோபெல். தாயை இழந்த சிறுவனின் தனிமையும், அயல்நாட்டுப் பள்ளியொன்றில் தம் மாணவர்களோடு மாணவராக அமர்ந்து கற்ற இளம் ஆசிரியரின் தேடலும் அப்பெயருக்குப் பின்னே உள்ளன. ஆசிரியரும் கற்பவரே என்பதை வாழ்ந்து காட்டிய அவரது வரலாற்றை அறிவோம்.

அன்பைத் தேடிய இளமை

ஜெர்மனியின் நடுப்பகுதியில் காடுகளும் குன்றுகளும் நிறைந்த நிலப்பரப்பு துரிங்கியா. அங்குள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஃபிரோபெல் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் போதகர். பல சிற்றூர்களின் சமயப் பணியைத் தம் தோளில் சுமந்தவர். பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் ஃபிரோபெல் தம் தாயை இழந்தார். பணிச்சுமை மிகுந்த தந்தையால் குழந்தையோடு பொழுதைக் கழிக்க இயலவில்லை. வேலையாட்களும் தமையன்மாருமே அவரை வளர்த்தனர்.

சில ஆண்டுகளில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னை தொடக்கத்தில் பரிவு காட்டினார். ஏங்கிக் கிடந்த பிள்ளையும் அவரைத் தாயாகவே கருதி ஒட்டிக்கொண்டான். ஆனால் தமக்கென ஒரு மகன் பிறந்தபின் சிற்றன்னையின் பரிவு குறைந்தது, பேச்சும் மாறியது. அதுவரை உரிமையோடு 'நீ' என்று அழைத்தவர், எதிரில் நிற்கும் பிள்ளையை 'அவன்' என்று சுட்டிப் பேசத் தொடங்கினார். முன்னிலையில் நின்ற குழந்தை ஒரே சொல்லில் படர்க்கையானான். வீட்டிலேயே அயலானாகிவிட்ட அந்த வலியை ஃபிரோபெல் நாற்பது வயதைக் கடந்த பின்னும் மறக்கவில்லை. தம் வாழ்க்கையை விரித்துரைத்து எழுதிய நீண்ட கடிதமொன்றில் அதனைப் பதிவு செய்துள்ளார்.

தனிமையில் வளர்ந்த சிறுவனுக்குத் தோட்டமும் வானமும் மரங்களுமே துணையாயின. வீட்டுச் சாளரத்தின் எதிரே பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்கும் பணி நடைபெற்றது. கற்களை ஏற்றுவதையும் சுவர் எழுப்புவதையும் அவர் நாள்தோறும் கண்டார். தாமும் அவ்வாறே கட்டிப்பார்க்க விரும்பிக் கையில் கிடைத்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினார். அளவும் வடிவமும் ஒத்துவராத அப்பொருள்கள் சரிந்து விழுந்தன. கட்டும் ஆசை இருந்தது. கட்டுவதற்கேற்ற பொருள்தான் இல்லை. அந்த ஏமாற்றம் அவர் நெஞ்சில் தங்கியது. குழந்தைகளின் கைக்கு ஏற்ற கட்டுமானப் பொருள்களை அவர் பின்னாளில் உருவாக்கியதற்கு இந்நிகழ்வும் ஒரு வித்தாகும்.

பத்தாம் வயதில் தாய்மாமன் அவரை ஸ்டாட்டில்ம் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கு அவருக்கு அன்பான வீடும் விளையாட்டுத் தோழர்களும் கிடைத்தனர். நம்பிக்கையோடு நடத்தப்படும் பிள்ளை எவ்வாறு மலர்கிறான் என்பதை அவர் தம்மிடமே கண்டுணர்ந்தார்.

திசை தெரியாத பயணம்

ஃபிரோபெல் பதினைந்தாம் வயதில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். ஈராண்டுகள் காடுகளில் திரிந்து செடிகொடிகளை அறிந்தார். பின்னர் யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்கை அறிவியலும் கணக்கும் பயின்றார். கையிலிருந்த சிறு தொகையைப் படித்துக்கொண்டிருந்த தமையனுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டதால் தம் செலவுகளைச் சமாளிக்க இயலவில்லை. உணவுக்கடன் தீராமல் பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரங்கள் இருக்க நேர்ந்தது. படிப்பு முற்றுப்பெறாமலே அவர் ஊர் திரும்பினார்.

1802இல் தந்தையும் மறைந்தார். வனத்துறை எழுத்தர், நில அளவையாளர், பண்ணைக் கணக்கர் எனப் பல வேலைகளை ஃபிரோபெல் பார்த்தார். எதிலும் மனம் நிலைக்கவில்லை. கட்டடக் கலை பயிலலாம் என்னும் எண்ணத்துடன் 1805இல் பிராங்க்பர்ட் நகருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

அந்நகரில் மாதிரிப் பள்ளியொன்றை நடத்திவந்தவர் அன்டன் குரூனர். அவர் சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலாட்சியின் முறையைப் போற்றியவர். ஃபிரோபெலுடன் உரையாடிய அவர், கட்டடக் கலையை விடுத்துத் தம் பள்ளியில் ஆசிரியராகச் சேருமாறு அழைத்தார். தயக்கத்தோடு ஃபிரோபெல் இசைந்தார். ஒன்பது முதல் பதினொரு வயதுவரை உள்ள முப்பது நாற்பது சிறுவர்கள் அவரது வகுப்பில் இருந்தனர். அவர்கள்முன் நின்ற அளவிலேயே, நீண்டநாள் தேடிய இடத்திற்கு வந்துசேர்ந்துவிட்டதாக அவர் உணர்ந்தார். நீரில் விடப்பட்ட மீன் போலத் தாம் மகிழ்வதாகத் தமையனுக்கு எழுதினார்.

இரு வாரப் பயணம்

மகிழ்ச்சி மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது என்பதை ஃபிரோபெல் அறிந்திருந்தார். கற்பிக்கும் முறையில் அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. எனவே 1805ஆம் ஆண்டிலேயே எல்லை கடந்து சுவிட்சர்லாந்து சென்றார். நூஷாட்டல் ஏரிக்கரையில் அமைந்த இவெர்டன் நகரத்தின் பழைய கோட்டையில் பெஸ்டலாட்சி தம் பள்ளியை அப்போதுதான் நிறுவியிருந்தார்.

பெஸ்டலாட்சி 1746இல் சூரிக் நகரில் பிறந்தவர். போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளை ஸ்டான்ஸ் என்னும் ஊரில் அரவணைத்துக் காத்தவர். அடித்தும் மிரட்டியும் மனப்பாடம் செய்ய வைப்பதே கல்வி என்றிருந்த காலம் அது. கண்ணால் கண்டு, கையால் தொட்டு, மனத்தால் உணர்ந்தபின்னரே சொல்லைக் கற்பிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. அறிவும் அன்பும் கைத்திறனும் ஒருசேர வளர்வதையே அவர் கல்வி என்றார்.

இரண்டு வாரங்கள் ஃபிரோபெல் அங்கிருந்து வகுப்புகளைக் கண்டார். கண்டவை அவரை உயர்த்தின, குழப்பவும் செய்தன. உயிரோட்டம் மிக்க வகுப்புகளாக இருந்தபோதும் அவற்றின் உட்பொருளை அவரால் முழுமையாகப் பற்றிக்கொள்ள முடியவில்லை. தம் கொள்கையை விளக்குமாறு வேண்டியவர்களைப் பெஸ்டலாட்சி வகுப்பறைக்குச் சென்று நேரில் காணுமாறு சொல்லி அனுப்பிவிடுவார். செயலில் சிறந்த அப்பெரியவருக்குச் செயலை விளக்கும் சொல் எளிதில் வாய்க்கவில்லை. மீண்டும் வந்து நெடுநாள் தங்கிக் கற்க வேண்டும் என்னும் உறுதியோடு ஃபிரோபெல் பிராங்க்பர்ட் திரும்பினார்.

மாணவர்களோடு மாணவராக

மாதிரிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் போலப் பணியாற்றியபின், ஹோல்ட்ஸ்ஹவுசன் என்னும் குடும்பத்தின் மூன்று சிறுவர்களுக்கு ஃபிரோபெல் வீட்டாசிரியரானார். அச்சிறுவர்களின் தந்தை அவர்களுக்கு ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கிக் கொடுத்தார். ஆசிரியரும் மாணவர்களும் அதில் செடி வளர்த்தனர். விளைந்த மலர்களையும் காய்களையும் சிறுவர்கள் பெற்றோருக்குக் கொண்டுசென்று கொடுத்து மகிழ்ந்தனர். தோட்டத்தின் வழியே கற்பித்தல் ஃபிரோபெலின் வாழ்வில் இவ்வாறு தொடங்கியது.

1808ஆம் ஆண்டில், அம்மூன்று மாணவர்களையும் உடனழைத்துக்கொண்டு அவர் இவெர்டனுக்கு மீண்டும் சென்றார். இம்முறை 1810 வரை அங்கே தங்கினார். ஒரே நேரத்தில் அவர் ஆசிரியராகவும் மாணவராகவும் வாழ்ந்தார். தம் மாணவர்களுக்குக் கற்பித்தார்; அவர்களோடு வகுப்பிலமர்ந்து தாமும் கற்றார். கற்றதை மறுநாளே கற்பித்துப் பார்த்தார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இன்று பின்பற்றப்படும் உற்றுநோக்கல், கற்பித்துப் பழகல், மீள்சிந்தனை ஆகிய மூன்றையும் அவர் அன்றே தமக்குத்தாமே வகுத்துக்கொண்டார்.

ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அப்பள்ளிக்கு வந்திருந்தனர். பிரஷ்ய அரசு தன் செலவில் இளைஞர்களை அங்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தது. பல மொழிகள் ஒலித்த அக்கோட்டையில் பாடநூலுக்கு முதலிடம் இல்லை. நிலவியல் பாடம் கோட்டைக்கு வெளியே, அருகிலிருந்த பள்ளத்தாக்கில் தொடங்கும். மாணவர்கள் நிலத்தின் ஏற்ற இறக்கங்களை உற்றுநோக்குவர். அங்கிருந்து களிமண் எடுத்துவந்து, நீண்ட மேசைகளின்மேல் தாம் கண்ட பள்ளத்தாக்கை அப்படியே உருவாக்குவர். அது நிறைவுற்ற பின்னரே வரைபடம் அவர்கள்முன் விரிக்கப்படும். அதற்குள் வரைபடத்தின் மொழி அவர்களுக்கு விளங்கியிருக்கும். அப்பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் முதுமையிலும் மறவாமல் பதிவு செய்த செய்தி இது.

ஃபிரோபெலை மிகவும் ஈர்த்தவை மூன்று. முதலாவது, திறந்தவெளி விளையாட்டு. மாணவர்கள் ஆடும்போது உடல் மட்டுமன்றி உள்ளமும் ஒழுக்கமும் உரம் பெறுவதை அவர் கண்டார். விதியை மதித்தல், தோல்வியைத் தாங்குதல், தோழனுக்காக விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றை ஆடுகளமே கற்றுக்கொடுத்தது. இரண்டாவது, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து மேற்கொண்ட நடைப்பயணம். மூன்றாவது, தாய்மார்களுக்கெனப் பெஸ்டலாட்சி வகுத்த கருத்துகள். குழந்தையின் முதல் ஆசிரியர் தாயே என்றும், அவர் மடியிலேயே கல்வி தொடங்குகிறது என்றும் பெஸ்டலாட்சி வலியுறுத்திவந்தார். தாயின் மடியை அறியாத ஃபிரோபெலுக்கு இக்கருத்து வெறும் பாடமாக இருந்திருக்க இயலாது. பள்ளிப் பருவத்துக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி அவர் ஆழ்ந்து எண்ணத் தொடங்கியது இங்கேதான்.

1809இல் தாம் பிறந்த ஷ்வார்ஸ்பர்க்-ருடோல்ஸ்டாட் சிற்றரசின் இளவரசிக்கு அவர் ஒரு விரிவான அறிக்கை எழுதினார். பெஸ்டலாட்சியின் முறையை அந்நாட்டுப் பள்ளிகளிலும் வீடுகளிலும் புகுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பெற்ற அறிவைப் பிறந்த மண்ணுக்கு உரியதாக்க விரும்பினார் அவ்விளைஞர்.

ஆசானை மதித்தலும் ஆராய்தலும்

பெஸ்டலாட்சியை ஃபிரோபெல் தந்தைபோல் மதித்தார். ஆயினும் அவரது பள்ளியில் கண்டவற்றையெல்லாம் ஆராயாமல் ஏற்கவில்லை. கணக்கு, வடிவம், மொழி, இயற்கை என ஒவ்வொரு பாடமும் தனித்தனியே சிறப்பாக இருந்தன. ஆனால் ஒன்றோடொன்று அவை இணையவில்லை. ஒரு மரத்தின் கிளைகள்போல் ஒரே வேரிலிருந்து பாடங்கள் கிளைக்க வேண்டாவா என்று அவர் எண்ணினார். நிலவியல் பாடத்தின் ஒரு பகுதி கடலின் அடித்தளத்திலிருந்து தொடங்குமாறு அமைந்திருந்தது. கடலடியைக் காணாத குழந்தைக்கு அது எவ்வாறு கண்டறியும் கல்வியாகும்? பள்ளத்தாக்கில் நின்று கற்பிக்கத் தெரிந்த பள்ளியே தன் கொள்கையைச் சில இடங்களில் மறந்துவிட்டதை அவர் கவனித்தார்.

பாடங்களில் கண்ட பிளவு ஆசிரியர்களிடையேயும் இருந்தது. பெஸ்டலாட்சியின் முதன்மைத் துணைவர்களான நீடரரும் ஷ்மிடும் கருத்து வேறுபட்டு எதிரெதிர் அணியினராயினர். முதுமை எய்திய ஆசானால் அவர்களை ஒன்றுசேர்க்க முடியவில்லை. அன்பைக் கற்பிக்கும் இடத்தில் பிணக்கு முற்றியது ஃபிரோபெலை வருத்தியது. 1810இல் தம் மாணவர்களுடன் அவர் பிராங்க்பர்ட் திரும்பினார்.

இவெர்டனிலிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு. குழந்தையின் இயல்பைப் பின்பற்றியே கல்வி அமைய வேண்டும் என்னும் தெளிவு ஒன்று. அவ்வியல்பின் ஒருமையை விளக்கும் கொள்கையைத் தாமே தேடிக் கண்டடைய வேண்டும் என்னும் கடமை மற்றொன்று. ஆசானிடம் பெற்றதைப் போற்றிய அவர், ஆசான் நிறைவு செய்யாமல் விட்ட பணியைத் தம் பணியாக ஏற்றுக்கொண்டார்.

> தெரியுமா?
> பெஸ்டலாட்சி இவெர்டனுக்கு வருவதற்குமுன் சுவிட்சர்லாந்தின் பர்க்டார்ஃப் நகரில் பள்ளி நடத்தினார். அதே நகரின் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு 1835இல் ஃபிரோபெல் பொறுப்பேற்றார். ஆசான் நடந்த ஊரில் மாணவரின் பணி தொடர்ந்தது.

கல்லில் கண்ட விதி

அதன்பின் கோட்டிங்கன், பெர்லின் பல்கலைக்கழகங்களில் ஃபிரோபெல் மீண்டும் மாணவரானார். பெர்லினில் பேராசிரியர் வைஸ் என்பவரிடம் கனிமவியலும் படிகவியலும் பயின்றார். 1813இல் நெப்போலியனை எதிர்த்து நடந்த போரில் தன்னார்வப் படையில் சேர்ந்தார். அங்கு மிடன்டார்ஃப், லாங்கெதால் என்னும் இரு இளைஞர்கள் நண்பர்களாயினர். பாசறையில் அரும்பிய அந்நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

போர் முடிந்தபின் பெர்லின் கனிம அருங்காட்சியகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. ஒவ்வொரு படிகமும் தனக்குள் பொதிந்த விதிப்படியே உருப்பெறுவதை அவர் அங்கே கண்டார். உயிரற்ற கல்லே உள்ளிருந்து வடிவம் பெறுமாயின், உயிருள்ள குழந்தை உள்ளிருந்தன்றோ மலர வேண்டும்? வெளியிலிருந்து திணிப்பது கல்வியாகாது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். இவெர்டனில் எழுந்த வினாவுக்கு அவர் கண்ட விடை இதுவே.

கைல்ஹாவ் பள்ளி

தமையன் ஒருவர் போர்க்காலத்தில் நோயுற்ற வீரர்களுக்குத் தொண்டு செய்கையில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தார். அவருடைய பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பை ஏற்க ஃபிரோபெல் அருங்காட்சியகப் பணியைத் துறந்தார். 1816இல் கிரீஸ்ஹைம் என்னும் ஊரில், தமையன்மாரின் ஐந்து பிள்ளைகளுடன் ஒரு பள்ளி தொடங்கியது. மறு ஆண்டில் அது கைல்ஹாவ் என்னும் சிற்றூருக்கு மாறியது. போர்க்கள நண்பர்கள் இருவரும் அங்கு வந்து சேர்ந்தனர். 1818இல் ஹென்ரியட்டா என்னும் பெர்லின் நகரப் பெண்ணை ஃபிரோபெல் மணந்தார். வசதியில் வளர்ந்த அப்பெண்மணி வறுமையான பள்ளியின் அன்னையாக வாழ்ந்தார்.

1826இல் 'மனிதனின் கல்வி' என்னும் பொருளமைந்த நூலை ஃபிரோபெல் வெளியிட்டார். விளையாட்டு குழந்தைப் பருவ வளர்ச்சியின் மிக உயர்ந்த நிலை என்பது அந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று. ஆனால் அக்கால அரசுகள் புதிய சிந்தனைகளை ஐயத்தோடு நோக்கின. அரசு அனுப்பிய ஆய்வாளர் கைல்ஹாவ் பள்ளியைப் பாராட்டியே அறிக்கை தந்தார். எனினும் ஐயம் அகலவில்லை. அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பயின்ற பள்ளியில் 1829இல் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர். 1831இல் ஃபிரோபெல் மீண்டும் சுவிட்சர்லாந்து சென்றார்.

பர்க்டார்ஃப் நகரில் நான்கு முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளோடு பழகியபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பள்ளிக்கு வரும் வயதிற்குள் குழந்தையின் மனப்பாங்கு பெருமளவு உருவாகிவிடுகிறது. அடித்தளத்தைக் கவனியாமல் மேல்தளம் கட்ட முயல்வதே அன்றைய கல்வியின் குறை. பள்ளிக்கு முந்தைய பருவத்துக்கே தம் எஞ்சிய வாழ்நாளை அவர் ஒப்படைத்தார். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

தோட்டம் மலர்ந்தது

மனைவியின் உடல்நலம் குன்றியதால் 1836இல் ஃபிரோபெல் ஜெர்மனிக்குத் திரும்பினார். மறு ஆண்டு, கைல்ஹாவுக்கு அருகிலுள்ள பிளாங்கன்பர்க் நகரில் இளங்குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையத்துக்கேற்ற பெயர் நெடுநாள் கிட்டவில்லை. ஒருநாள் மிடன்டார்ஃபுடன் மலைப்பாதையில் நடந்து செல்கையில், கீழே பரந்து கிடந்த பள்ளத்தாக்கைக் கண்டு நின்றார். 'கிண்டர்கார்டன்' என்னும் பெயர் அப்போதுதான் அவருள் உதித்தது. குழந்தை செடி, ஆசிரியர் தோட்டக்காரர். தோட்டக்காரர் செடியை இழுத்து வளர்ப்பதில்லை. நீரும் ஒளியும் கிடைக்கச் செய்து, களை நீக்கிக் காத்திருக்கிறார். 1840ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், அச்சுக்கலையின் நானூறாம் ஆண்டு விழாவோடு இணைத்து, கிண்டர்கார்டன் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது.

குழந்தைகளுக்கென அவர் வடிவமைத்த விளையாட்டுப் பொருள்களுக்குக் 'கொடைகள்' என்று பெயரிட்டார். முதற்கொடை, கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். கையில் அடங்கும் மென்மையான பந்தின் வழியே குழந்தை நிறத்தையும் இயக்கத்தையும் அறிகிறது. இரண்டாவது, மரத்தாலான உருண்டையும் கனசதுரமும் உருளையும் ஆகும். உருளும் பொருளையும் உருளாப் பொருளையும் ஒப்பிடும் குழந்தைக்கு, இரு தன்மையும் இணைந்த உருளை மூன்றாவதாக வாய்க்கிறது. மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். பிரித்துப் பார்க்கும் இயல்பு குழந்தைக்கு உண்டு. பிரித்ததை மீண்டும் முழுமையாக்கும் மகிழ்ச்சியை இக்கொடை தருகிறது. அடுத்தடுத்த கொடைகளில் செங்கல் வடிவமும் முக்கோண வடிவமும் சேர்கின்றன. தேவாலயம் கட்ட முயன்று தோற்ற சிறுவனின் கைகளுக்கு அன்று கிடைக்காத பொருள்கள் இவை.

தாள் மடித்தல், நெய்தல், வரைதல், களிமண்ணால் உருவம் செய்தல் முதலிய கைவேலைகளும் பாடலும் வட்டமாக நின்று ஆடும் ஆட்டமும் அன்றாடம் இடம்பெற்றன. உண்மையான தோட்டமும் அங்கிருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய சிறு பாத்தியோடு அனைவருக்கும் பொதுவான பாத்திகளும் சூழ்ந்து அமைந்தன. தனக்குரியதைப் பேணவும் பொதுவானதைக் காக்கவும் குழந்தை ஒரே இடத்தில் கற்றது. தாயும் சேயும் சேர்ந்து பாடி விளையாடுவதற்கான பாடல் நூலொன்றையும் 1844ஆம் ஆண்டளவில் அவர் வெளியிட்டார்.

பெண்கள் ஆசிரியரானார்கள்

இளங்குழந்தைகளின் ஆசிரியராகப் பெண்களே பெரிதும் பொருந்துவர் என்றும், அதற்கு முறையான பயிற்சி வேண்டும் என்றும் ஃபிரோபெல் உறுதியாக நம்பினார். பெண்களுக்கு உயர்கல்வியும் ஊதியப் பணியும் மறுக்கப்பட்ட காலத்தில் இது துணிவான கருத்தாகும். ஆசிரியர் பலரே இதனை எள்ளி நகைத்தனர். பணமும் பெருந்தடையாயிற்று. நிதி திரட்ட வெளியிட்ட பங்குகள் எதிர்பார்த்த அளவில் விற்கவில்லை. 1839இல் மனைவி ஹென்ரியட்டா மறைந்த துயரும் அவரை வாட்டியது. இவற்றுக்கிடையிலும் ஊர் ஊராகச் சென்று விளக்கம் தந்தார், இளம்பெண்களுக்குப் பயிற்சியளித்தார்.

1849இல் லீபன்ஸ்டைன் என்னும் ஊரில் அவர் தங்கியிருந்தார். நரைத்த முடியுடன் உயர்ந்து மெலிந்த முதியவர் ஒருவர், காலணியற்ற கிராமத்துப் பிள்ளைகளைக் குன்றின்மேல் அழைத்துச் சென்று அவர்களோடு ஆடிப்பாடுவதை ஊரார் கண்டனர். அவரைப் பித்தர் என்றே பேசிக்கொண்டனர். அப்பேச்சைக் கேட்டு, அவர் யாரெனக் காண விரும்பினார் பெர்தா வான் மாரன்ஹோல்ட்ஸ் என்னும் சீமாட்டி. நேரில் கண்டதும், பித்தென்று பிறர் எள்ளியது பேரறிவு என்பதை அவர் உணர்ந்தார். அன்றுமுதல் ஃபிரோபெலின் கொள்கையை ஐரோப்பிய நாடுகளில் பரப்புவதைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார்.

தடையும் மறைவும்

1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. ஃபிரோபெலின் அண்ணன் மகன் கார்ல் எழுதிய சிறுநூலின் கருத்துகளை இவருடையவை என அரசு பிழைபட எண்ணியது. கடவுள் மறுப்பையும் பொதுவுடைமையையும் அவை பரப்புவதாகக் குற்றஞ்சாட்டியது. உண்மையை விளக்கி ஃபிரோபெல் விண்ணப்பித்தார், பயனில்லை. வாழ்நாள் உழைப்பு ஓர் ஆணையால் அழிந்ததோ என்னும் கவலையோடு, 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் மரியன்தாலில் தம் எழுபதாம் வயதில் மறைந்தார். ஷ்வைனா என்னும் ஊரில் அமைந்த அவரது கல்லறையின்மேல் கனசதுரமும் உருளையும் உருண்டையும் அடுக்கப்பட்டுள்ளன. குழந்தைகளுக்கு அவர் அளித்த கொடையே அவருக்கு நினைவுச் சின்னமாயிற்று.

தடை 1860இல் நீக்கப்பட்டது. அதற்குள் அவரிடம் பயின்றோர் வழியாகத் தோட்டம் கடல் கடந்திருந்தது. 1856இல் மார்கரெட் ஷுர்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் ஒரு கிண்டர்கார்டனைத் தொடங்கினார். 1860இல் எலிசபெத் பீபாடி பாஸ்டன் நகரில் ஆங்கிலவழிக் கிண்டர்கார்டனை நிறுவினார். சில ஆண்டுகளில், தாம் நடத்துவது ஃபிரோபெலின் முறைதானா என்னும் ஐயம் பீபாடிக்கு எழுந்தது. அறுபது வயதைக் கடந்த நிலையிலும் 1867இல் அவர் ஐரோப்பா சென்று கிண்டர்கார்டன்களை நேரில் கண்டு பயின்றார். திரும்பியதும் தம் பழைய பிழைகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திருத்தினார். இவெர்டனுக்குச் சென்ற இளைஞரைப் போலவே அம்மூதாட்டியும் கற்பிப்பதற்காகக் கற்கச் சென்றார்.

> தெரியுமா?
> இளங்குழந்தைக் கல்வியில் மற்றொரு புதுநெறி கண்ட இத்தாலிய அறிஞர் மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

ஃபிரோபெலின் எழுத்துகள் எளிதில் விளங்குவன அல்ல. கொடைகளைச் சிலர் சடங்குபோல் கையாண்டு அவற்றின் உயிரை இழக்கச் செய்ததும் உண்டு. எனினும், விளையாட்டு வீண்பொழுதன்று. அதுவே குழந்தையின் உழைப்பு, மொழி, கல்வி என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. நம் ஊர் அங்கன்வாடிகளிலும் மழலையர் வகுப்புகளிலும் குழந்தைகள் வட்டமாக நின்று பாடுகையிலும், கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகையிலும் அவ்வெண்ணத்தின் சாயலைக் காணலாம். எழுதப் பழகாத பிஞ்சு விரல்களை எழுத்துக்காக வருத்துகையில், பள்ளி தோட்டமாயிருக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வீட்டில் 'அவன்' என ஒதுக்கப்பட்ட சிறுவன், ஒவ்வொரு குழந்தையையும் 'நீ' என்று அருகழைக்கும் பள்ளியை உலகுக்குத் தந்தான். அதற்கான வழியை அவன் அயல்நாட்டு வகுப்பறையில், தன் மாணவர்களின் அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டான்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ சென்று, குழந்தைகளின் விளையாட்டை ஒரு மணி நேரம் உற்றுநோக்குங்கள். அவ்விளையாட்டின்வழி அவர்கள் கற்பவற்றைப் பட்டியலிடுங்கள்.
2. பல்லாங்குழி, ஐந்தாங்கல், பாண்டி முதலிய நம் விளையாட்டுகள் எண்ணறிவையும் கைத்திறனையும் எவ்வாறு வளர்க்கின்றன என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுங்கள்.
3. ஆசானை மதிப்பதும் அவர் கருத்தை ஆராய்வதும் முரண்பட்டவையா? ஃபிரோபெலின் இவெர்டன் அனுபவத்தைக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுங்கள்.